பதின்மூன்றாம் ஜோடி

19 ஜனவரி 1987, திங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து இன்றுதான் ஆய்வகம் முழுதாக இயங்கியது. எபனேசர் பண்டிகை நாளிலும் வந்து செல் வளர்க்கும் இன்குபேட்டரின் சூட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. பதிவேட்டில் கையெழுத்து இருந்தது. பதினைந்து வருடமாக என்னோடு வேலை பார்க்கும் டெக்னீஷியன், இன்னும் அப்படித்தான்.

மதியம் கண் பிரிவிலிருந்து டாக்டர் இக்பால் கூப்பிட்டார். குடியாத்தத்துக் குழந்தை, சுகந்தி என்று பெயர், இரண்டரை வயது. இடது கண்மணி வெள்ளையாக மின்னுகிறது. விழித்திரையில் கட்டி. புதன்கிழமை கண்ணை எடுக்கப்போகிறார்கள்.

"பேச்சு இன்னும் வரல, நடையும் லேட். கண்ணோட நிக்கிற விஷயமா தெரியல. குரோமோசோம் பாத்துடுங்க மனோன்மணி," என்றார்.

ரத்தம் எடுக்க நானே வார்டுக்குப் போனேன். தாய் அஞ்சுகம், இருபத்து மூன்று வயதிருக்கும். தகப்பன் தணிகாசலம் மின்வாரியத்தில் லைன்மேன். அவருடைய அண்ணன் சபாபதியும் வந்திருந்தார், தீப்பெட்டிக் கம்பெனி மேஸ்திரி. பேசியதெல்லாம் அவர்தான்.

"எங்க வம்சத்துல இந்த மாதிரி ஒண்ணும் கெடையாதுங்க. இது அம்மா ஊட்டு வழியா வந்ததுதான்."

அஞ்சுகம் குழந்தையின் சட்டைப் பொத்தானையே போட்டும் கழற்றியும் கொண்டிருந்தாள். எங்கள் பதிவேட்டில் இது விழித்திரைக் கட்டி வந்த ஏழாவது குடும்பம்.

22 ஜனவரி, வியாழன்

எண் 7 குழந்தைக்குக் கண் எடுத்தாயிற்று. தண்ணீர் லாரி வரவில்லை. இரண்டு குடத்தில் ஒரு நாளை ஓட்டினேன்.

29 ஜனவரி, வியாழன்

குழந்தையின் செல்கள் நன்றாக வளர்ந்திருந்தன. எபனேசர் இருட்டறையில் படங்களைக் கழுவிக் கொடுத்தார். நகம் வெட்டும் கத்தரியால் குரோமோசோம்களை ஒவ்வொன்றாக வெட்டி, அளவு பார்த்து ஜோடி சேர்த்து அட்டையில் ஒட்டினேன். எத்தனை ஆயிரம் அட்டை ஒட்டியிருப்பேனோ, பசை வாசனை இல்லாவிட்டால் எனக்கு வேலை செய்த மாதிரியே இருக்காது.

நாற்பத்தாறு இருக்கிறது. ஆனால் பதின்மூன்றாம் ஜோடியில் ஒன்று குட்டை. நடுவில் ஒரு பட்டையையே காணோம். பதினான்கு செல்களில் பார்த்தேன், பதினான்கிலும் இல்லை. கட்டியை அடக்கி வைக்கும் மரபணு அந்த இடத்தில்தான் இருக்கிறது. போன வருடம்தான் அதைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள்.

பெற்றோரின் ரத்தம் வேண்டும். டாக்டர் இக்பாலிடம் சொன்னதும், "அந்தம்மா முழுகாம இருக்காங்க, ஒண்ணரை மாசம்," என்றார்.

3 பிப்ரவரி, செவ்வாய்

இருவரும் ரத்தம் கொடுத்தார்கள். தணிகாசலம் மின்கம்பம் ஏறுகிற ஆள். ஊசியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அஞ்சுகம் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். "இதுல எல்லாமே தெரிஞ்சிடுங்களா?" என்று கேட்டாள். கொஞ்சம் தெரியும் என்றேன்.

13 பிப்ரவரி, வெள்ளி

தாயின் அட்டையில் ஒரு குறையும் இல்லை.

தகப்பனின் பதின்மூன்று குட்டை. ஒரு மணி நேரம் குழம்பினேன். அவருக்குக் கட்டியும் இல்லை, ஒன்றும் இல்லையே! எபனேசர்தான் மூன்றாம் ஜோடியின் மேல் விரல் வைத்து, "மேடம், இது கொஞ்சம் நீளமா இல்ல?" என்றார். பதின்மூன்றிலிருந்து அறுந்த துண்டு மூன்றில் போய் உட்கார்ந்திருக்கிறது. அவர் உடம்பில் எதுவும் குறையவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. அந்த மூன்று இல்லாமல் குட்டைப் பதின்மூன்று மட்டும் பிள்ளைக்குப் போனால் கட்டி.

இந்த நாட்டிலிருந்து இப்படி ஒரு குடும்பத்தை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. எபனேசருக்கும் எனக்கும் கேண்டீனிலிருந்து காப்பி வரவழைத்தேன். சந்தோஷம் என்று எழுதினால் தவறாகிவிடும்.

16 பிப்ரவரி, திங்கள்

தணிகாசலத்தைத் தனியாக வரச்சொல்லியிருந்தேன். அட்டையைக் காட்டி விளக்கினேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலு விதமாக நடக்கலாம்: முழுதாகச் சரியாக இருக்கலாம், தகப்பனைப் போல் துண்டு இடம் மாறி இருக்கலாம், துண்டு கூடுதலாக இருக்கலாம், சுகந்தியைப் போல் துண்டே இல்லாமல் போகலாம். வீட்டில் வேறு யாருக்காவது கண்ணில் வந்ததுண்டா என்று கேட்டேன்.

எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எங்கூடப் பொறந்தது ஒண்ணு இருந்துச்சிங்க. சிவகாமி. நாலு வயசுல கண்ணு வெளிய வந்து வீங்கி செத்துப்போச்சி. அம்மை போட்டுச்சின்னு ஊர்ல சொல்லிட்டாங்க. அண்ணனுக்கும் தெரியும். அதப்பத்தி நாங்க பேசமாட்டோம்."

"அப்போ உங்க அண்ணனையும் பாக்கணும். அவருக்கும் இருக்கலாம்."

"ஐயோ, இப்ப வேணாங்க. எம் மேல கொறைன்னு தெரிஞ்சா நான் அங்க தலநிமிந்து நடக்க முடியாது. எம் பொஞ்சாதிகிட்ட நானே சொல்லிக்கிறேன். கொஞ்ச நாள் குடுங்க. அப்புறம் அண்ணனையும் நானே கூட்டினு வர்றேன். சத்தியமா."

நோயாளியின் ரகசியம் நோயாளியுடையது. சரி என்றேன். அண்ணனுக்கு மூன்று பிள்ளைகள், கடைசிப் பையனுக்கு எட்டு மாதமாம். ஒத்துழைத்தால் இரண்டு தலைமுறையில் எட்டுப் பேர் கிடைப்பார்கள். வற்புறுத்திக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

24 பிப்ரவரி, செவ்வாய்

கட்டுரையின் முதல் பகுதியைத் தட்டச்சு செய்தேன். குடியாத்தத்திலிருந்து செய்தி இல்லை. புடவைகளுக்குக் கஞ்சி போட்டேன்.

11 மார்ச், புதன்

சுகந்திக்குப் பரிசோதனை நாள். அஞ்சுகம் மட்டும் தூக்கிக்கொண்டு வந்தாள். காட்பாடியில் அம்மா வீட்டில் இருக்கிறாளாம். "கொஞ்ச நாளைக்கி இரு" என்று அனுப்பியிருக்கிறார்கள். தணிகாசலம் வாரம் ஒருமுறை வந்து குழந்தையைப் பார்த்துவிட்டு, வாசலோடு திரும்பிவிடுகிறாராம்.

"வயித்துல இருக்கறத கலைச்சிடுன்னு அவங்கண்ணன் சொல்றாரு. அப்புறம் எங்க ஊட்டுக்காரருக்கு வேற எடத்துல பொண்ணு பாக்கலாம்னு பேச்சாம். டாக்டரம்மா, எங்கிட்டதான் கொறையா? ஒரு வார்த்த சொல்லிடுங்க, நான் ஒத்துக்கிறேன்."

"உங்க வீட்டுக்காரரைக் கேளுங்க," என்றேன்.

"கேட்டாச்சிங்க. அழுவுறாரு. எதுக்கு அழுவுறாருன்னு சொல்லமாட்டேங்குறாரு."

குழந்தைக்குக் கண்ணாடிக் கண் அளவெடுக்க மாடிக்கு அனுப்பிவைத்தேன்.

12 மார்ச், வியாழன்

எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டேன்.

15 மார்ச், ஞாயிறு

எழுதிவிடுவது நல்லது.

பதினாறு வருடங்களுக்கு முன் ஓர் ஆணின் ரத்தத்தைப் பார்த்தேன். அப்போது நான் இந்த வேலைக்குப் புதிது. அவரே விளையாட்டாகக் கையை நீட்டினார், "என்னையும் எண்ணிப் பாரேன்," என்று. நாற்பத்தேழு இருந்தது. எக்ஸ் ஒன்று கூடுதல். அப்படிப்பட்ட ஆண்களுக்குப் பெரும்பாலும் குழந்தை பிறக்காது. யாரிடமும் சொல்லாதே என்றார். சொல்லவில்லை. நான்கு வருடம் அவருடைய வீட்டார் என்னைக் கோயில் கோயிலாகக் கூட்டிப்போனார்கள், என் சாப்பாட்டில் எதையெதையோ கலந்தார்கள், கடைசியில் அழைத்து வந்து அப்பா வீட்டில் விட்டார்கள். அவர் பெங்களூரில் நன்றாக இருக்கிறார். நான் சொல்லாமல் இருந்ததைப் பெரிய மனசு என்றுதான் இதுநாள்வரை நினைத்திருந்தேன்.

அஞ்சுகம் "நான் ஒத்துக்கிறேன்" என்றபோது எனக்கு அந்த நான்கு வருடமும் நினைவுக்கு வந்தது.

18 மார்ச், புதன்

தணிகாசலத்தின் முடிவை நான் யாருக்கும் சொல்ல முடியாது. ஆனால் அஞ்சுகம் கொடுத்த ரத்தம் அஞ்சுகத்தினுடையது. அதன் முடிவு அவளுக்குச் சேரவேண்டியது. இது ஏன் ஒரு மாதமாக எனக்குத் தோன்றவில்லை?

ஆய்வகத் தாளில் தமிழில் எழுதி, முத்திரை வைத்து, காட்பாடி பஸ் ஏறினேன். அவள் வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தாளை வாங்கி, எழுத்துக்கூட்டி, சத்தமாகப் படித்தாள். "திருமதி அஞ்சுகம். நாற்பத்தாறு குரோமோசோம்கள். குறை எதுவும் இல்லை."

இன்னொரு முறை படித்தாள்.

"அப்போ எங்கிட்ட இல்ல."

"உங்ககிட்ட இல்ல."

"அவர்கிட்டயா?"

நான் பதில் சொல்லவில்லை. ஈரக்கையைத் தாளில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

"அதான் அப்பிடி அழுதாரா," என்றாள். கோபப்படுவாள் என்று நினைத்திருந்தேன். "பாவி மனுசன். எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

25 மார்ச், புதன்

இருவரும் சேர்ந்து வந்தார்கள். அவரை அழைத்துக்கொண்டு வந்தவள் அவள்தான். இனி எல்லாவற்றையும் இரண்டு பேரிடமும் சொல்லலாம் என்று தணிகாசலம் எழுதிக் கொடுத்தார். வயிற்றில் ஊசி போட்டு, குழந்தையைச் சுற்றியுள்ள நீரை எடுத்து அதன் குரோமோசோமைப் பார்க்கலாம் என்றும், அதில் உள்ள ஆபத்தையும் சொன்னேன்.

"சுகந்தி மாதிரி இருந்துச்சின்னா?" என்று கேட்டார்.

"அப்போ முடிவு உங்களுடையது."

அஞ்சுகம், "மொதல்ல பாக்கலாம்," என்றாள்.

அண்ணனிடம் சொல்லிவிட்டீர்களா என்றேன். இது தெரிந்த பிறகு சொல்கிறேன் என்றார். நானும் விட்டுவிட்டேன்.

6 ஏப்ரல், திங்கள்

நீர் எடுத்தாயிற்று. மூன்று குடுவைகளில் பிரித்து வைத்தோம். செல் ஒட்டி வளர மூன்று வாரம்.

14 ஏப்ரல், செவ்வாய்

புத்தாண்டு விடுமுறை. காலை பத்து மணிக்கு மின்சாரம் போய்விட்டது, ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. எபனேசர் தகவல் சொல்லி நான் ஆட்டோவில் போய்ச் சேர்வதற்குள் வெந்நீர்ப் பைகளை இன்குபேட்டருக்குள் வரிசையாக அடுக்கி, கதவில் கம்பளியைச் சுற்றியிருந்தார். மாற்றி மாற்றி வெந்நீர் வைத்து நான்கு மணி நேரம் ஓட்டினோம். ஒரு குடுவை போயிற்று. இரண்டு பிழைத்தன.

"யாரோட புள்ளைக்கோ நாம பிரசவம் பாக்கற மாதிரி இருக்கு மேடம்," என்றார். அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

27 ஏப்ரல், திங்கள்

பத்தொன்பது வாரம். முடிவைச் சொன்னேன். பையன். பதின்மூன்று குட்டை, மூன்று நீளம். எதுவும் குறையவில்லை. தகப்பனைப் போலவே.

தணிகாசலம் முகத்தை மூடிக்கொண்டார். "என்ன மாதிரியேவா? இவனும் நாளைக்கி ஒருத்திய அழவைக்கணுமா?"

அஞ்சுகம் அவர் கையைப் பிடித்து இறக்கினாள்.

"உங்கள மாதிரின்னா இன்னா கெட்டுப்போச்சி? கம்பம் ஏறுறீங்க, சோறு துன்றீங்க, புள்ளைய தோள்ல தூக்கினு போறீங்க. உங்கள மாதிரியே இருந்துட்டுப் போவட்டும். ஒண்ணு மட்டும் செய்யிங்க. இவன் வளந்ததும் மறைக்காம சொல்லிடுங்க. இன்னிக்கே போயி உங்க அண்ணங்கிட்டயும் சொல்லிடுங்க."

அவர்கள் போன பிறகு ஜன்னலோரம் நின்று பார்த்தேன். ஆஸ்பத்திரி வாசலில் அவளுக்கு ஒரு இளநீர் வாங்கிக்கொடுத்தார்.

6 மே, புதன்

சபாபதி மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வந்தார். தம்பி ஞாயிற்றுக்கிழமைதான் சொன்னாராம். கடைக்குட்டி கதிரவனுக்கு வலது கண்மணி பளபளக்கிறது. மாசி மாசத்திலிருந்தே இருந்ததாம். விளக்கு வெளிச்சம் பட்டு மின்னுகிறது என்று நினைத்திருக்கிறார்கள்.

டாக்டர் இக்பால் மயக்கம் கொடுத்துப் பார்த்தார். கண் நிறையக் கட்டி. நரம்பு வழியாகப் பின்னால் போயிருக்கும் என்று சந்தேகப்படுகிறார்.

சபாபதி என் அறைக்கு வந்தார். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"எங்க குடும்பத்துல இது இருக்குதுன்னு உங்களுக்கு எப்போ தெரியும்?"

பொய் சொல்ல ஒரு கணம் வாயெடுத்தேன். அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

"பிப்ரவரி பதினாறாம் தேதி."

விரல்விட்டு எண்ணினார். "மூணு மாசம் ஆவப்போவுது."

"எழுபத்தொன்பது நாள்."

"ஒரு கடுதாசி போட்டிருக்கலாமே. யாரு இன்னான்னு எழுதத் தேவையில்ல. புள்ளைங்க கண்ண ஒருதரம் காட்டுங்கன்னு மட்டும். நான் கூட்டினு வந்திருப்பேனே."

வந்திருப்பார். தணிகாசலத்தின் பெயரைச் சொல்லாமலே எழுதியிருக்கலாம். வரும் எல்லாக் குடும்பங்களிலும் பங்காளி வீட்டுக் குழந்தைகளைக் கண் பார்க்கச் சொல்வது வழக்கம்தான். ஆறு குடும்பங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். இந்த ஒன்றில் மட்டும் ஆட்களைக் கலைத்துவிடக் கூடாதென்று பயந்தேன். எதற்காகப் பயந்தேன் என்பது மேசை மேல் பாதி தட்டச்சாகிக் கிடந்தது.

"தப்பு என்னுடையதுதான்," என்றேன்.

அவர் கத்தவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நானும் சிவகாமிய மறைச்சவன்தானே. அந்தப் பொண்ண ஊட்ட விட்டு அனுப்பனவனும் நான்தான்." சட்டைக் கையை மடித்துவிட்டு அப்போதுதான் உட்கார்ந்தார். "எடுத்துக்கோங்க. மத்த ரெண்டுக்கும் இன்னான்னு எனக்குத் தெரியணும்."

ஊசியை எபனேசரிடம் நீட்டினேன். அவர்தான் ரத்தம் எடுத்தார்.

9 மே, சனி

கதிரவனுக்குக் கண் எடுத்தாயிற்று. நரம்பின் வெட்டு முனையிலும் கட்டி.

22 மே, வெள்ளி

சபாபதிக்கும் மூத்த பெண்ணுக்கும் துண்டு இடம் மாறியிருக்கிறது. இருவருக்கும் நோய் வராது. இரண்டாவது பையனுக்கு எல்லாம் சரி. கதிரவனுக்குத் துண்டே இல்லை.

இந்த முறை எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொன்னேன். பெரிய பெண்ணுக்கு ஒன்பது வயது, அவளும் இருந்தாள். "எனக்கு வலிக்குமா?" என்று கேட்டாள். வலிக்காது, பெரியவளானதும் ஒருமுறை இங்கே வந்து என்னையோ என் நாற்காலியில் இருப்பவரையோ பார்க்கவேண்டும், அவ்வளவுதான் என்றேன்.

17 ஜூலை, வெள்ளி

கட்டுரையை அனுப்பிவிட்டேன். இப்படிப்பட்ட கட்டுரைகளின் முடிவில் வழக்கமாக ஒரு வரி வரும், உறவினர்களுக்கு உரிய ஆலோசனை வழங்கப்பட்டது என்று. அதை அடித்துவிட்டு எழுதினேன்: "தகப்பனின் முடிவு தெரிந்தும் ஆய்வாளர் எழுபத்தொன்பது நாட்கள் உறவினர்களை எச்சரிக்கவில்லை. அந்த இடைவெளியில் ஒரு குழந்தையின் நோய் முற்றியது." அந்தக் குடும்பத்துக்கு விளக்கி, அவர்கள் சம்மதம் கொடுத்த பிறகே அனுப்பினேன். அஞ்சுகம் முழுவதையும் தமிழில் சொல்லச்சொல்லிக் கேட்டாள்.

23 ஆகஸ்ட், ஞாயிறு

கதிரவன் வெள்ளிக்கிழமை போய்விட்டான். தணிகாசலத்தின் கடிதம் நேற்று வந்தது. இன்று குடியாத்தம் போய் வந்தேன். எப்படி வாசலில் காலெடுத்து வைப்பது என்று பஸ் நிலையத்திலேயே அரை மணி நேரம் நின்றேன்.

சபாபதியின் மனைவி வேதவல்லி என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அது நியாயம். முன்வாசலில் உட்கார்ந்தேன். நிறைமாத அஞ்சுகம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். சுகந்தி அவளுடைய புடவையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள், தானாகவே.

உறவுக்காரர்கள் இருபது முப்பது பேர் இருந்தார்கள். யாரோ ஒரு பெரியவர், "இன்னாம்மா நோயி அது, செய்வினையா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் தணிகாசலம் எழுந்து நின்றார்.

"செய்வினையும் இல்ல, அம்மையும் இல்ல. எங்களப் பெத்தவங்க வழியா எங்களுக்கு வந்தது. சிவகாமியும் இதுலதான் போச்சி. எம் பொஞ்சாதிகிட்ட ஒரு கொறையும் இல்ல. நான் வாயத் தொறந்திருந்தா கதிரவன் இருந்திருப்பான். எங்க சித்தப்பா வழி, அத்தை வழி, மாமன் வழி, எல்லாரும் போயி ரத்தம் குடுங்க. கொழந்தைங்க கண்ண பாருங்க."

சபாபதி எழுந்து வந்து தம்பி பக்கத்தில் நின்றுகொண்டார்.

14 செப்டம்பர், திங்கள்

அஞ்சுகத்துக்குச் சுகப்பிரசவம். மூன்று கிலோ. டாக்டர் இக்பால் இரண்டு கண்ணையும் நேரம் எடுத்துப் பார்த்தார். தெளிவாக இருக்கிறது.

19 அக்டோபர், திங்கள்

பத்திரிகை ஆசிரியரிடமிருந்து கடிதம். கட்டுரையை ஏற்றுக்கொள்கிறார்களாம், பாராட்டியும் இருக்கிறார்கள். கடைசிப் பத்தியில் உள்ள இரண்டு வாக்கியங்கள் அறிவியலுக்குச் சம்பந்தமில்லாதவை, நீக்கிவிடவும் என்று எழுதியிருக்கிறார்கள்.

அந்த இரண்டும் இருந்தால்தான் கட்டுரை, இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று பதில் தட்டச்சு செய்து கையெழுத்திட்டேன். எபனேசர் படித்துவிட்டு உறையில் போட்டு ஒட்டினார்.

குடியாத்தத்திலிருந்து ஒன்பது பேர் வந்து வராந்தாவில் காத்திருக்கிறார்கள். இரண்டு பேர் கைக்குழந்தையோடு. முதலில் குழந்தைகளைக் கண் பிரிவுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ரத்தம் அப்புறம்.